பல் தேய்ந்த கியரும் என் லிங்க்ட்இன் கணக்கும்

2021 செப்டம்பர் கடைசியில் காத்து சீசன் முடிந்தது, கூடவே என் ஒப்பந்தமும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆறு வருடம் காற்றாலைக் காத்தாடிகளில் ஏறி இறங்கியவன் நான். எங்கள் ஊரில் வேலை போனால் வளைகுடாவில் இருக்கிற யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் பயோடேட்டா கேட்பார். என் அத்தானும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, "இங்க ஆயில் கம்பெனிக்குத்தான் ஆள் எடுக்கான். உன் வேலைக்கு லிங்க்ட்இன்ல பாரு மக்கா" என்றார்.

கல்லூரி நாளில் திறந்து மறந்துபோன கணக்கு ஒன்று இருந்தது. 'ஹார்ட்வொர்க்கிங் மெக்கானிக்கல் இன்ஜினியர் சீக்கிங் சேலஞ்சிங் ஆப்பர்ச்சுனிட்டி' என்று தலைப்பு. படம், அக்கா கல்யாணத்தில் எடுத்ததை வெட்டிப் போட்டது. தோளில் யாரோ ஒருவருடைய கை மட்டும் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் 'ஈஸி அப்ளை' பொத்தானை அமுக்கினேன். ஒரு பதிலும் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. ஆள் தேடுகிறவர் தேடுபெட்டியில் 'ஹார்ட்வொர்க்கிங்' என்று அடிக்கமாட்டார். கியர்பாக்ஸ், பிட்ச் (இறக்கையின் கோணத்தை மாற்றுவது), யா (காத்தாடியைக் காற்றின் பக்கம் திருப்புவது), போரஸ்கோப் (மெஷினுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) என்றுதான் அடிப்பார். தலைப்பில் 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. அதில் எந்த வேலை தெரியும், எத்தனை கிலோவாட் மெஷினில் கை வைத்திருக்கிறேன், எங்கே இருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன். ஹெல்மெட்டோடு எடுத்த படம் ஒன்றைப் போட்டேன். இரண்டாவது வாரமே சென்னையிலிருந்து ஒரு ஹெச்.ஆர். அழைத்தார். "ஜி.டபிள்யூ.ஓ. சர்டிபிகேட் வேலிடா இருக்கா?" அந்தப் பாதுகாப்புப் பயிற்சியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என்னுடையது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நான் மறந்தே போயிருந்தேன், பக்கத்தில் தேதியும் போடவில்லை. பேச்சு அதோடு முடிந்தது. இப்போது ஒவ்வொரு சான்றிதழுக்கும் முடியும் மாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் 'அலும்னி' (முன்னாள் மாணவர்கள்) என்று ஒரு பகுதி உண்டு. யார் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் என்று பிரித்துக் காட்டும். காற்றாலைத் துறையில் இருந்த பதினாலு சீனியர்களுக்கு, "சார், வேலை இருந்தால் சொல்லுங்க" என்று எழுதினேன். சத்தமே இல்லை. டென்மார்க்கில் இருந்த ஒருவருக்கு மட்டும் வேறு மாதிரி, "பிளேடில் ஐஸ் பிடித்தால் மெஷினை நிறுத்திவிடுவீர்களா அண்ணா?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அன்று ராத்திரியே ஒரு பக்கத்துக்குப் பதில் வந்தது.

நடுவே போலந்தில் வேலை என்று ஒருவர் வந்தார். விசா செலவுக்கு முப்பத்தைந்தாயிரம் ஜிபே பண்ணச் சொன்னார். அவர் கணக்கைத் திறந்து பார்த்தால், தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர் பெயர் அங்கே இல்லை. பிளாக் பண்ணிவிட்டேன்.

நான் பண்ணின பெரிய தப்பு 2022 ஜனவரியில். வேறொரு ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பழைய 250 கிலோவாட் மெஷினின் கியர்பாக்ஸ் மூடியைத் திறந்தபோது, பல்லின் ஓரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி பொடிப்பொடியாகக் குழிகள். டார்ச் அடித்துப் படம் எடுத்து, எண்ணெய் கெட்டால் இப்படித்தான் ஆகும் என்று புதுப் பையனுக்குச் சொல்வதுபோல எழுதிப் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது. மறுநாள் காலை சூப்பர்வைசர் போன்: "லே, போட்டோவ முதல்ல எடு. பின்னால நேம்பிளேட் தெரியுது, பாத்தியா?" முதலாளி அந்த மெஷினை விற்க விலை பேசிக்கொண்டிருந்தாராம். வாங்க வந்தவர் கண்ணிலேயே பட்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனாலும் இரண்டு மாதம் என்னைக் கூப்பிடவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டேன்.

அதற்கப்புறம் படமே வேண்டாம் என்று, கோடு போட்ட நோட்டில் பால்பாயிண்டில் பல்லை வரைந்து போட்டேன். கோணலான படம்தான். அதற்குக் கீழே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "குழிக்கு எண்ணெய் மட்டும் காரணமில்லை தம்பி, அலைன்மென்டைப் பார்த்தீங்களா?" என்று எழுதினார். பழைய கியர்பாக்ஸ்களைச் சரிபார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் குழி விழுந்தால் பாரம் ஒருபக்கமாக விழுகிறது என்று அர்த்தம் என்றார். நான் விடவில்லை, மூன்று நாள் வாதாடினோம். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி.

1973-லேயே மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் வேலைச் செய்தியைக் கொண்டுவருவதில் நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்களுக்குத்தான் பலம் அதிகம் என்று எழுதியிருக்கிறார். லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022-ல் வெளிவந்த ஆய்வும் ஏறக்குறைய அந்தப் பக்கமே நின்றது. அத்தானிடம் சொன்னேன். "அப்ப நான் ஆகாதவனா?" என்றார்.

ஜூன் மாதம், காத்து ஏறிக்கொண்டிருந்தபோது அந்தக் கோயம்புத்தூர்க்காரர் போன் பண்ணினார். கயத்தாற்றில் இரண்டு பழைய மெஷினில் சத்தம், சீசனில் நிறுத்திவைத்தால் ஒவ்வொரு நாளும் நட்டம், போய்ப் பார்க்க முடியுமா என்று. போரஸ்கோப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து பல்லடம். இப்போது மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் அவர் வேலைதான். ஆளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. கூலி மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிடுகிறது.