என் பிட்கொயின் என் கைக்கு வந்த 47 நாட்கள்

2022 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் முனியாண்டி கோயில் படியில் உட்கார்ந்து, பிட்கொயின் என்ற இணைய நாணயத்தை வாங்கி விற்று வைத்திருக்க உதவும் ஒரு பரிமாற்றத் தளத்தில் இருந்த என் பிட்கொயின் முழுவதையும் வெளியே எடுக்க விண்ணப்பம் கொடுத்தேன். தொலைபேசிக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்தப் படியில்தான். பணம் என் கைக்கு வந்தது டிசம்பர் 30ஆம் திகதி. இடைப்பட்ட 47 நாட்களில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் வேலை செய்துகொடுத்து இதே வழியில் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் என்னைப்போல் தடுமாறக் கூடாது.

நான் செய்வது துணைத்தலைப்பு வேலை. 2021இல் தொடங்கியபோது சம்பளத்தை எப்படி வாங்குவது என்பதே பெரிய சிக்கலாக இருந்தது. பேபால் வழியாக அப்போது இலங்கையிலிருந்து பணம் செலுத்த முடிந்தது, வாங்க முடியவில்லை. மாதம் எழுபது எண்பது டொலரை வங்கி வழியாக எடுத்தால், நடுவில் உள்ள வங்கிகள் பிடித்துக்கொண்டது போக மிஞ்சுவதைப் பார்க்க வயிறு எரியும். பிட்கொயினில் தரட்டுமா என்று வேலை கொடுத்தவர் கேட்டார். தெரிந்த ஒருவர் சொன்ன தளத்தில் கணக்குத் திறந்தேன். மாதாமாதம் திரையில் எண் கூடியது. பதினைந்து மாதத்தில் 0.041 பிட்கொயின். அந்த நவம்பர் மாத விலைக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேல். தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக இருந்த காலம் அது. அம்மா 240 முழுப் பேர், அதாவது 240 முழு நாள் வேலை, போட்டால் கிடைக்கும் பணம்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு தடவையும் தன் கிலோவைச் சின்னக் கொப்பி ஒன்றில் பென்சிலால் குறித்துக்கொள்வார். மாத முடிவில் சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். "இப்போது இருக்கிற கணக்கப்பிள்ளை நல்ல மனிதர்தானே அம்மா, பிறகு ஏன் எழுதுகிறீர்கள்?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "நல்ல மனிதர்தான். நல்லவருக்கும் கை தவறும்" என்றார். அந்த வீட்டில் வளர்ந்த நான், பதினைந்து மாதத்தில் ஒரு தடவைகூட ஒரு சிறு தொகையை வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

திரையில் நாம் பார்க்கும் எண் பிட்கொயின் அல்ல. பிட்கொயின் இருப்பது எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கேடான பொதுச் சங்கிலியில், ஒரு முகவரியில். அதை நகர்த்தும் சாவி என்ற இரகசிய எண் யாரிடம் இருக்கிறதோ அவரே அதற்கு உடையவர். தளத்தில் வைத்திருக்கும்வரை சாவி தளத்திடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அவர்கள் கணக்கேட்டில் ஒரு வரி மட்டும். கேட்கும்போது அவர்கள் தந்தால்தான் அந்த வரிக்கு மதிப்பு.

நவம்பர் 11ஆம் திகதி எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய தளம் அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. நான் பயன்படுத்தியது அது அல்ல. ஆனாலும் அன்றிரவு நான் தூங்கவில்லை. டோக்கியோவில் இருந்த மவுண்ட் கொக்ஸ் என்ற தளம் 2014 பெப்ரவரியில் மூடப்பட்டபோது சுமார் 850,000 பிட்கொயின் காணாமல்போனதாகச் சொன்னார்கள். பிறகு ஏறத்தாழ 200,000 மட்டும் கண்டெடுக்கப்பட்டது. பணத்தைப் போட்டவர்களுக்கு பிட்கொயினாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது 2024 யூலையில்தான். பத்து வருடம் காத்திருக்க எங்கள் வீட்டில் யாராலும் முடியாது.

சனிக்கிழமை முழுவதும் வாலட், அதாவது சாவியை நம்மிடமே வைத்திருக்கும் செயலி, தயார் செய்வதிலேயே போனது. அவசரத்திலும் இதை மட்டும் நிதானமாகச் செய்தேன் என்பதில் எனக்குத் திருப்தி. புளூவாலட் என்ற திறந்த மூல மென்பொருளைத் தேர்ந்தேன். தொலைபேசியின் செயலிக் கடையில் அதன் பெயரைத் தேடி எடுக்காமல், அதை உருவாக்கியவர்களின் தளத்துக்குப் போய் அங்கிருந்த இணைப்பு வழியாகவே இறக்கினேன். பெயரும் படமும் ஒன்றாகவே இருக்கும் போலிச் செயலிகள் உண்டு. வாலட் 12 சொற்களைக் கொடுத்தது. 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை அவை. அந்த 12 சொற்களும் வரிசை மாறாமல் இருந்தால், தொலைபேசி ஆற்றில் விழுந்தாலும் பணத்தை மீட்கலாம். காகிதத்தில் எழுதினேன். பிறகு செயலியை அழித்துவிட்டு, எழுதிய சொற்களைக் கொண்டு திரும்பவும் திறந்தேன். அதே முகவரி வந்தது. ஒரு சதம்கூட உள்ளே இல்லாதபோதே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

இனி விண்ணப்பம். முகவரியை ஒட்டிய பிறகு முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் ஒப்பிட்டேன். நகல் எடுத்த முகவரியை நடுவில் மாற்றிவிடும் தீநிரல்கள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினேன். "செயலாக்கத்தில்" என்று வந்தது. நான்கு நாள் அப்படியே நின்றது. ஐந்தாம் நாள், அடையாளத்தை மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்று மின்னஞ்சல். பணம் உள்ளே வந்த பதினைந்து மாதமும் கேட்காத கேள்வி, வெளியே எடுக்கும்போது எழுந்தது.

அடையாள அட்டை போதவில்லை. வதிவிட முகவரிக்குச் சான்று வேண்டுமாம். லயத்தில் வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மலை என்று கொழும்பில் இருப்பவர்களுக்குக்கூடப் புரியாது. எங்கள் காம்பிராவுக்குக் கதவிலக்கம் இல்லை. தெருப் பெயர் இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். மின்பட்டியல் இறந்துபோன தாத்தாவின் பெயரில் வருகிறது. வங்கிக் கூற்றை அனுப்பினேன். டிவிஷன், தோட்டம், பொகவந்தலாவை என்று அதில் இருந்தது. "முகவரி முழுமையாக இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். இருநூறு வருடமாக இந்த மலையில் இருக்கிறோம், நாம் எங்கே இருக்கிறோம் என்று ஒரு தாளில் காட்ட முடியவில்லை. அன்று பணத்துக்காக மட்டும் நான் அழவில்லை.

கடைசியில் கிராம உத்தியோகத்தரிடம் போனேன். வதிவிடச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கினேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றினேன். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் விரிவாகவும் வங்கிக் கணக்கில் முதலெழுத்தாகவும் இருந்ததற்கு ஒரு விளக்கக் கடிதமும் சேர்த்தேன். ஒன்பது நாள், மூன்று பஸ் பயணம். பிறகு காணொளி வழியாக முகம் காட்ட வேண்டும் என்றார்கள். மின்வெட்டு நேரத்தைப் பார்த்து, தொலைபேசிக்கு முழு மின்னேற்றம் செய்து, மறுபடியும் கோயில் படி. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதற்கிடையில் நான் ஒரு பிழை செய்தேன். டெலிகிராம் குழு ஒன்றில், பணம் வரவில்லை, யாராவது உதவுங்கள் என்று எழுதினேன். அரை மணித்தியாலத்துக்குள் நான்கு பேர் தனிச்செய்தி அனுப்பினார்கள். ஒருவர் தளத்தின் சின்னத்தையே தன் படமாக வைத்திருந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். தளமே என்னிடம் கேட்காத கேள்விகளை அக்கறையோடு கேட்டார். கடைசியில், கணக்கை ஒத்திசைக்க வாலட்டின் 12 சொற்களை அனுப்பச் சொன்னார். என் விரல் தட்டச்சுப் பலகையில்தான் இருந்தது. களைப்பு மனிதரை எவ்வளவு பலவீனமாக்கும் என்று அன்று அறிந்தேன். அந்தச் சொற்களை எந்தத் தளமும், எந்த அலுவலரும், எந்தக் காரணத்துக்காகவும் கேட்கத் தேவையே இல்லை. கேட்கிறவர் திருடர்தான். இன்னொருவர் இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். ஏற்கெனவே ஏமாந்தவர்களைத் தேடித் தேடி இரண்டாம் தடவை பறிப்பது இவர்கள் தொழில்.

முறையிடத்தான் யாரிடம் போவது? எந்த நிறுவனத்துக்கும் மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த உரிமம் கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2021லும் 2022லும் பொதுமக்களுக்கு அறிவித்திருந்தது. வங்கி அட்டைகளால் இவற்றை வாங்கவும் அப்போது அனுமதி இருக்கவில்லை. நான் வாங்கவில்லை, உழைத்துப் பெற்றேன். ஆனாலும் ஒரு வங்கி ஏமாற்றினால் போய் நிற்பதற்கு இருக்கும் வாசல் இதற்கு இருக்கவில்லை.

ஆகவே அம்மாவின் வழிக்கு வந்தேன். ஒரு கொப்பி வாங்கினேன். எந்தத் திகதி, எத்தனை மணி, யார் பதில் சொன்னார், என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் குறித்தேன். கணக்கின் முழு வரலாற்றையும் இறக்கிச் சேமித்தேன். தனித்தனியாகப் பத்து முறைப்பாடு போடாமல், ஒரே முறைப்பாட்டு இலக்கத்தின் கீழ், ஐந்து நாளுக்கு ஒரு தடவை, கோபமில்லாமல், திகதிகளை வரிசையாக எழுதி அனுப்பினேன். அவர்கள் முதலில் சொன்னதற்கு மாறாகப் பிறகு சொன்னபோதெல்லாம், முதலில் சொன்னதை அப்படியே எடுத்துக் காட்டினேன். அசைந்தது அதற்குப் பிறகுதான்.

டிசம்பர் 26 அன்று, முதலில் குறைந்தபட்சத் தொகையான 0.002ஐ மட்டும் எடுத்துப் பார்க்க அனுமதித்தார்கள். கட்டணம் 0.0005. கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபா, மூன்று நாள் கூலி. அன்று வலையமைப்பில் உண்மையாகத் தேவைப்பட்ட கட்டணம் இதில் சிறு பங்குகூட இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "சாக்குக்கு என்று கிலோ கழிப்பதைப்போல" என்றார். சரியான ஒப்பீடு. ஆனாலும் கொடுத்தேன். மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்ப எனக்குத் துணிவில்லை.

மறுநாள் "அனுப்பப்பட்டது" என்று காட்டியது. வாலட்டில் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் எனக்குப் பாடம் சொன்னவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கண்டியில் இருக்கும், முன்பின் பார்த்திராத ஒரு அண்ணன். "தங்கச்சி, அவர்கள் அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை அடையாள எண் இருக்கும். அதைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் அனுப்பவில்லை" என்றார். பிட்கொயினில் எந்த அனுப்புதலையும் யாரும் பார்க்கலாம். மெம்பூல் என்ற இணையத் தளத்தில் அந்த நீண்ட எண்ணைப் போட்டால், காத்திருக்கிறதா, எந்தத் தொகுதியில் (பல பரிவர்த்தனைகளைச் சேர்த்துச் சங்கிலியில் இணைக்கும் கட்டு) ஏறியது, எத்தனை உறுதிப்பாடு (அந்தத் தொகுதியிலிருந்து எண்ணினால் எத்தனை தொகுதி) கிடைத்தது என்று தெரியும். கேட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். 28ஆம் திகதி மாலை எண் வந்தது. அவர்கள் அனுப்பியதே அந்த மாலையில்தான் என்பது சங்கிலியில் தெளிவாகத் தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்றாகத் தொகுதிகள் வருவது சராசரிக் கணக்கு. என்னுடையது ஏற நாற்பது நிமிடம் எடுத்தது. படியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

மீதியெல்லாம் 30ஆம் திகதி வந்தது. ஆறு உறுதிப்பாடு கிடைக்கும்வரை அம்மாவிடம் சொல்லவில்லை.

எங்கள் மலையில் காகிதத்தை நம்ப முடியாது. ஈரத்தில் பூசணம் பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பிராவில் தீப்பிடித்தால் வரிசையே எரியும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களையே மண் மூடியதை நாம் பார்த்தோம். ஆகவே கராஜ் ஒன்றில் எழுத்து அடிக்கும் உளிகளை ஒரு நாளுக்கு இரவல் வாங்கி, வீட்டில் வைத்து, துருப்பிடிக்காத உருக்குத் தகடு இரண்டில் அந்த 12 சொற்களையும் நானே அடித்தேன். வேறு யாரிடமும் கொடுத்து அடிக்கச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்துப் போதும், அந்தப் பட்டியலில் நான்கு எழுத்துக்குள் எந்தச் சொல்லும் இன்னொன்றோடு மோதாது. ஒரு தகடு இங்கே. மற்றது வேறொரு ஊரில், அக்கா வீட்டில்.

தளங்கள் எல்லாமே கெட்டவை என்று நான் சொல்லவில்லை. பின்லாந்தில் 2012இல் தொடங்கிய லோக்கல்பிட்கொயின்ஸ், 2023 பெப்ரவரியில் மூடப்போவதாக அறிவித்தபோது, பணத்தை எடுத்துக்கொள்ளப் பன்னிரண்டு மாதம் அவகாசம் கொடுத்தது. மறுபக்கம், 2011–2012இல் வாரத்துக்கு 7 சதவீதம் தருவதாகச் சொல்லி 700,000 பிட்கொயினுக்கு மேல் திரட்டி ஏமாற்றிய டிரெண்டன் ஷேவர்ஸை அன்றைய பிட்கொயின்காரர்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். ஹட்டனில் ஒரு மண்டபத்தில் மாதம் 10 சதவீதம் தருகிறோம் என்று யாரோ கூட்டம் போட்டபோது, சித்தி கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் புறப்பட்டார். ஷேவர்ஸின் கதையைச் சொல்லி அவரை நிறுத்த எனக்கு இரண்டு நாள் ஆனது. வாரா வாரம் காசு வந்துகொண்டிருந்தவரை ஷேவர்ஸையும் எல்லோரும் நேர்மையானவர் என்றார்கள் என்று சொன்னபோதுதான் சித்தி சங்கிலியை மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போது சம்பளம் நேராக என் வாலட்டுக்கு வருகிறது. ரூபா தேவைப்பட்டால் சிறு தொகையாக விற்கிறேன். வாங்குபவர் காட்டும் வைப்புச் சீட்டின் படத்தை நான் ஏற்பதில்லை. என் வங்கிக் கணக்கில் பணம் விழ வேண்டும், அனுப்பியவர் பெயர் அவர் சொன்ன பெயராகவே இருக்க வேண்டும். வேறு பெயரிலிருந்து வந்தால் அது திருட்டுப் பணமாக இருக்கலாம், கணக்கு முடங்கிவிடும்.

சித்தியின் மகன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். இரவில் படம் வரைந்து விற்கிறான், வேறொரு தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறான். குறைந்தபட்சத் தொகையை மட்டும் எடுத்துப் பார் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று எடுத்தானாம். "'அனுப்பப்பட்டது' என்று வந்துவிட்டது அக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னான். அடையாள எண் எங்கே தம்பி என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றான். கொப்பியில் திகதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.