யாங்ஷுவோவில் ஹியும் ஷியும்

சீனாவின் குயிலின் நகரிலிருந்து லீ ஆற்றில் படகேறி யாங்ஷுவோ என்ற ஊரில் இறங்கியபோது நல்ல மழை. 20 யுவான் நோட்டின் பின்பக்கம் இருக்கிற அதே ஆறு, அதே சுண்ணாம்புக்கல் குன்றுகள். ஆனால் ஊர் திரும்பியும் மனசில் நிற்பது, நான் தங்கிய சின்ன விடுதியை நடத்தும் அக்காவின் இங்கிலீஷ்தான்.

முதல் நாள் ராத்திரி, "எஸ்டர்டே ஹி ஃபால், ஐ கோ ஹாஸ்பிட்டல்" என்றார். கணவருக்குத்தான் அடிபட்டுவிட்டது என்று நினைத்து அக்கறையாக விசாரித்தேன். காலையில் போய்ப் பார்த்தால், காலில் கட்டோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது அவருடைய மாமியார்!

என் குழப்பம் புரிந்ததும் அக்கா டீயில் விரலைத் தொட்டு மேஜைமேல் இரண்டு எழுத்துகள் எழுதிக் காட்டினார். ஒன்றில் இடப்பக்கம் மனிதரைக் குறிக்கும் குறி, மற்றதில் பெண்ணைக் குறிக்கும் குறி. வாசித்தால் இரண்டுமே 'தா'. பெண்ணுக்கென்று தனி எழுத்து புழக்கத்துக்கு வந்தே நூறு வருஷம்தான் ஆகிறது, கவிஞர் லியூ பான்னோங் அதற்காக வாதாடி 1920களில் பரவியது. காதுக்கு இன்றைக்கும் அவனும் அவளும் ஒன்றுதான். நாம் 'அவர் வந்தார்' என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாதே, அந்த மாதிரி. அதனால் நன்றாக இங்கிலீஷ் படித்தவர்களுக்கும் வேகமாகப் பேசும்போது ஹி, ஷி மாறிவிடுகிறது.

'கோ' 'வென்ட்' ஆகாததும் இப்படித்தான். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உரு மாறாது. நேற்று என்று சொல்லியாகிவிட்டதே, அப்புறம் வினை வேறு எதற்கு மாற வேண்டும்?

"ஓப்பன் லைட்" என்று அவர் சொல்வது எனக்குப் பிடித்துப்போயிற்று. கதவைத் திறக்க, விளக்கைப் போட, கார் ஓட்ட, எல்லாவற்றுக்கும் அங்கே 'காய்' என்ற ஒரே வினை. நாம் லைட்டைப் 'போடுகிறோம்', அவர்கள் 'திறக்கிறார்கள்'.

சீனாவில் இணையத்தில் நிறையப் பேர் பகிர்ந்து சிரிக்கும் "கவனமாக வழுக்கிச் செல்லவும்" என்ற பொருள்படும் இங்கிலீஷ் பலகைக்கும் காரணம் உண்டு. 'கவனம், தரை வழுக்கும்' என்பதில் தரைக்கான எழுத்தையே, நம் 'ஆக' விகுதி போல வினையடையாகவும் வாசிக்கலாம். அப்படி வாசித்தால் 'கவனமாக வழுக்கு' என்று ஆகிவிடும். மொழிபெயர்த்தவர் அந்தப் பக்கம் போய்விட்டார், அவ்வளவுதான். பொது இடப் பலகைகளின் இங்கிலீஷுக்கு 2017 டிசம்பரிலிருந்து தேசியத் தரநிலையே இருக்கிறது.

கிளம்பும் அன்று பஸ் நிற்கும் இடம்வரை அக்கா கூடவே வந்தார். "யூ ஸ்லோலி கோ" என்றார். விருந்தினரை வழியனுப்பும்போது அவர்கள் சொல்கிற 'மான் ஸோ', நம் 'பார்த்துப் போங்க'. பஸ் நகரும்போது ஜன்னலுக்கு அருகில் வந்து இன்னொன்றும் சொன்னார்: "மை மதர் இன் லா, ஹி ஆல்ஸோ சே, ஸ்லோலி கோ."