துண்டுக்குள் விலை பேசும் இரண்டு நிரல்கள்

வேலூர் பக்கம் பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. தரகர்கள் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதையே பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஒரு நிரல் விற்கும், ஒன்று வாங்கும். யோசனை பழசுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1996-லேயே 'காஸ்பா' என்ற பெயரில் இப்படி ஒரு மின்சந்தை செய்தார்கள். கேட்கும் விலை, கடைசி விலை, கெடு, எந்த வேகத்தில் இறங்குவது என்பதைச் சொல்லிவிட்டால் போதும், பேரத்தை நிரல் பார்த்துக்கொள்ளும்.

என் கணக்கில் விற்கும் நிரல் 60,000 ரூபாயில் தொடங்கி 45,000 வரை இறங்கும். வாங்கும் நிரல் 40,000-லிருந்து 52,000 வரை ஏறும். மொத்தம் 20 சுற்று.

முதல் ராத்திரி எத்தனை தடவை ஓட்டினாலும் 45,000-க்கே முடிந்தது, அதுவும் கடைசிச் சுற்றில். வாங்குவது இவ்வளவு கெட்டியா என்று பூரித்துப்போனேன். அப்புறம் பார்த்தால், அதன் உச்ச விலை இருக்கவேண்டிய இடத்தில் விற்பவரின் கடைசி விலையைப் போட்டு வைத்திருக்கிறேன். துண்டே இல்லாமல் பேரம்!

திருத்தியதும் 15-ஆம் சுற்றில் 48,750-க்குப் படிந்தது. சரி, விற்பதைக் கொஞ்சம் பிடிவாதமாக்குவோம் என்று, கெடு நெருங்கும்வரை அசையாத சூத்திரம் போட்டேன். இந்தப் போக்குக்கு 'பவுல்வேர்' என்று பெயர். தொழிற்சங்கத்திடம் ஒரே விலை சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்த ஜெனரல் எலெக்ட்ரிக் அதிகாரியின் பெயர் அது. 18-ஆம் சுற்றில் 50,800 கிடைத்தது. இரண்டையுமே பிடிவாதமாக்கினால் 19-ஆம் சுற்றில் 48,393. இவ்வளவு முறுக்கிக்கொண்டும் பழைய விலைக்குக் கிட்டத்தட்டத்தான்.

வாங்குபவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்து, 18 சுற்றோடு கிளம்பச் சொன்னேன். வியாபாரமே நடக்கவில்லை. ஒத்துப்போக 7,000 ரூபாய் இடம் இருந்தும், கிளம்பும்போது ஒன்று 51,143-லும் மற்றது 47,086-லும் நின்றன. விலையை மறைத்தால் மட்டும் போதாது, பஸ் எப்போது என்பதும் பேரத்தில் இருக்கிறது.

மாமாவிடம் ஓட்டிக் காட்டினேன்.

"இன்னாடா இது, பல்லப் புடிச்சிப் பாக்காம வெல பேசுது?"

அதனால் இப்போது பல், எத்தனையாவது ஈத்து, கன்று எல்லாவற்றையும் பேரத்தில் சேர்த்திருக்கிறேன். நேற்று ஓட்டியதில் விலை நன்றாகப் படிந்தது. ஆனால் விற்பது, கன்றை மட்டும் கொடுத்துவிட்டு மாட்டைத் தானே வைத்துக்கொண்டது.