எஸ்டிமேட்டில் விட்டுப்போன சுவர்

போன வாரம் நண்பரின் மனைவி போன் செய்தார். சமையலறையில் தீப்பிடித்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வீடு முழுக்கப் புகை. “அண்ணா, இன்சூரன்ஸ்லேர்ந்து அட்ஜஸ்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு, ரொம்ப நல்ல மனுஷர், எல்லாத்தையும் தானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு” என்றார். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அமெரிக்காவில் வீட்டு இன்சூரன்ஸ் க்ளெய்மை, அதாவது சேதத்துக்குக் கேட்கும் பணத்தை, மதிப்பிடுகிறவர்தான் அட்ஜஸ்டர். அதில் மூன்று விதம் உண்டு. ஒருவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் சொந்த ஊழியர். இன்னொருவர், புயலடித்து க்ளெய்ம்கள் குவியும்போது கம்பெனி வெளியிலிருந்து அமர்த்துகிற இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டர்; பெயரைப் பார்த்து நடுநிலையானவர் என்று நினைத்துவிட வேண்டாம், அவருக்கும் பணம் தருவது கம்பெனிதான். மூன்றாமவர் பப்ளிக் அட்ஜஸ்டர். இவர் அரசாங்க ஆள் இல்லை, மாநில லைசென்ஸ் வாங்கி வீட்டுக்காரருக்காக மட்டும் வேலை செய்கிறவர். சேதத்தை அளப்பது, பாலிசியைப் படிப்பது, எஸ்டிமேட் போடுவது, கம்பெனியோடு பேரம் பேசுவது எல்லாம் இவர் வேலை.

எனக்கு இது புரிந்தது 2021 பிப்ரவரியில், டெக்சாஸே உறைந்து கிடந்த அந்த வாரத்துக்குப் பிறகு. பரணில் ஓடிய தண்ணீர்க் குழாய் வெடித்து சமையலறைக் கூரை இறங்கிவிட்டது. கம்பெனி அனுப்பியவர் அரை மணி நேரம் படம் எடுத்தார். சில நாளில் எஸ்டிமேட் வந்தது: கூரை, நான்கு அடி சுவர், ஒரு பக்கம் பெயின்ட். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி ஒரு பப்ளிக் அட்ஜஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் தரையில் மண்டியிட்டு, சிங்க் கேபினட்டின் அடிப்பலகையைக் கழற்றி, ஈரம் பார்க்கும் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் சுவரில் குத்தினார். அது கத்தியது. ஓர் அடி தள்ளிக் குத்தினார், மறுபடி கத்தியது. ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் எண்ணை எழுதிக்கொண்டே போய், அடுத்த அறைச் சுவரில்தான் நிறுத்தினார். அதாவது ஈரம் கேபினட்டுகளுக்குப் பின்னால் முழுக்க ஓடியிருக்கிறது. அந்தச் சுவரை எடுக்க கேபினட்டைக் கழற்ற வேண்டும், கேபினட்டைக் கழற்ற மேலே உள்ள கல்லைத் தூக்க வேண்டும், இதில் ஒரு வரிகூட கம்பெனியின் எஸ்டிமேட்டில் இல்லை. பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், பெயின்டர் என்று இத்தனை பேர் வந்தால் மேற்பார்க்க ஒரு ஜெனரல் கான்ட்ராக்டர் வேண்டும். அவருடைய மேற்செலவுக்கு 10 சதவீதம், லாபத்துக்கு 10 சதவீதம் சேர்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதுவும் விடுபட்டிருந்தது. யாரும் ஏமாற்றியதாக நான் சொல்லவில்லை. கேபினட்டுக்குப் பின்னால் பார்க்க யாருக்கும் காரணம் இல்லை, எனக்குத்தான் இருந்தது, எனக்கோ பார்க்கத் தெரியாது.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். பழையதற்குப் பதில் புதிது போடும் செலவு முழுவதும் தரும் பாலிசி என்றாலும், முதல் செக்கில் பெரும்பாலும் தேய்மானத்தைக் கழித்துத்தான் தருவார்கள். வேலையை முடித்து பில்களை அனுப்பினால் கழித்தது திரும்ப வரும், ஆனால் அதற்குக் கெடு உண்டு. முதல் செக்தான் முழுப் பணம் என்று நினைத்து அதோடு விட்டவர்களை எனக்கே தெரியும்.

சரி, பப்ளிக் அட்ஜஸ்டரின் கூலி. வரும் தொகையில் ஒரு பங்கு. டெக்சாஸில் சட்டப்படி அதிகபட்சம் 10 சதவீதம். அது உங்கள் வீட்டைக் கட்ட வந்த பணத்திலிருந்துதான் போகிறது, ஆகவே கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி 20,000 டாலர் தருவதாகச் சொன்ன பிறகு இவர் அதை 21,000 ஆக்கி, முழுத் தொகைக்கும் 10 சதவீதம் என்றால் 2,100 போய்விடும், அவரை வைக்காமலே இருந்திருக்கலாம். கூடுதலாக வாங்கித் தரும் தொகைக்கு மட்டும் பங்கு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். டிடக்டிபிளை, அதாவது நாமே கையிலிருந்து போட வேண்டிய முதல் தொகையை, தாண்டி கொஞ்சம்தான் வரும் என்றால் ஆளே வேண்டாம். வீடு மொத்தமாகப் போய், கம்பெனி உடனே பாலிசியின் உச்ச வரம்பைத் தர ஒத்துக்கொண்டாலும் வேண்டாம். டெக்சாஸில் சேதத்தைத் தெரிவித்த 72 மணி நேரத்துக்குள் கம்பெனி அப்படி எழுத்தில் ஒத்துக்கொண்டால் அவர் பங்கே கேட்க முடியாது, செலவிட்ட நேரத்துக்கு மட்டும்தான் வாங்கலாம்.

ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் கதவைத் தட்டி, “கூரையும் போடறோம், இன்சூரன்ஸையும் நாங்களே பேசிக்கறோம்” என்று வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். வேலை செய்கிற கான்ட்ராக்டரே அந்த வீட்டுக்கு அட்ஜஸ்டராக இருக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அதை எதிர்த்து ஒரு கூரை கம்பெனி போட்ட வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2024-ல் சட்டத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

எனக்கு எல்லாம் முடிய ஏழு மாதம் ஆனது. வீட்டுக்கடன் கொடுத்த வங்கியின் பெயரும் செக்கில் இருந்ததால் அவர்கள் கையெழுத்தை வாங்கவே சில வாரம் போனது.

நண்பரின் மனைவியிடம் மூன்று விஷயம் சொன்னேன்: படம் எடுக்காமல் கருகியது எதையும் வெளியே போடாதே, பாலிசியின் முழு நகலைக் கேட்டு வாங்கு, ஏசி குழாய்களுக்குள்ளும் பரணிலும் கரி படிந்திருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா என்று கேள். யாரும் பார்க்கவில்லையாம். சனிக்கிழமை ஒரு பப்ளிக் அட்ஜஸ்டர் வருகிறார். லைசென்ஸ் செல்லுபடியாகிறதா என்று மாநில இன்சூரன்ஸ் துறைத் தளத்தில் பார்த்துவிட்டேன், நானும் டார்ச்சோடு போகிறேன்.