நேர்ந்தது அம்மா, நீர் வார்த்தது நான்

எனக்கு 19 வயதில் டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த இரவில் அம்மா புதுச்சேரி பக்கத்து வில்லியனூர் லூர்து மாதா கோவில் குளத்தங்கரையில் உட்கார்ந்து நேர்ந்துகொண்டார்: "இவ பொழைச்சிட்டா, தாயே, லூர்துல ஒன் கெபியிலயே வந்து ஒரு மாசம் ஊழியம் செய்வா." வாக்குக் கொடுத்தது அவர், செய்ய வேண்டியது நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

வேலை, கல்யாணம், குழந்தை என்று 15 வருடம் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு பிப்ரவரி 11ஆம் தேதியும் திருநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார்.

போன ஜூலையில் ஒருவழியாகக் கிளம்பிவிட்டேன். பாரிஸிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம் போனால் லூர்து, மாதா காட்சி தந்த கெபி என்கிற பாறைக் குகை இருக்கும் ஊர். இறங்கிக் கோவிலுக்கு நடந்தால் வழியெல்லாம் கடை. வேளாங்கண்ணிக் கடைத்தெருவை மலையடிவாரத்தில் கொண்டுபோய் வைத்த மாதிரி. மாதா உருவத்தில் பிளாஸ்டிக் பாட்டில், நீலக் கிரீடத்தைத் திருகினால் மூடி. கெபிக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் இலவசம், காசெல்லாம் பாட்டிலுக்குத்தான். விவரம் தெரியாமல் முதல் நாளே நான்கு வாங்கினேன். அன்றிரவு தங்கிய விடுதியில், நான் சாப்பிடாத காலைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் பிடித்தார்கள். மாதாவிடம் முதல் மன்றாட்டே புகாராகப் போனது.

தொண்டர்கள் வருவதும் தங்குவதும் சொந்தச் செலவில்தான். ஒரு வாரம் நின்றுவிட்டுப் போகிறவர்களே அதிகம். நான்கு வாரம் என்றதும் பதிவு செய்த அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதல் இரண்டு வாரம் நோயாளிகளின் நீல வண்டி இழுக்கும் வேலை. முன்னால் ஒரு கம்பி, அதைப் பிடித்து ரிக்‌ஷா போல இழுக்க வேண்டும். இரவு 9 மணிப் பவனிக்குக் கிளம்பும்போதும் வெளிச்சம் மிச்சமிருக்கும். மெழுகுதிரிகளைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் இருட்டு மெல்லத்தான் வரும். "ஆவே" என்று பாடுகிறபோது ஆயிரக்கணக்கான கைகள் திரியை உயர்த்தும். நான் உயர்த்தியதே இல்லை, இரண்டு கையும் கம்பியில். இதற்கு நடுவே கொடி பிடித்த குழுத் தலைவர்கள் தங்கள் ஆட்களை முன்னால் தள்ளுவதற்காக வண்டியையே இடித்துக்கொண்டு போவார்கள். மாதாவுக்கு முன்னாலும் வரிசை உடைக்கிற ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

கெபிக்குள் போக எனக்கு நான்காம் நாள்தான் நேரம் வாய்த்தது. கைபட்டுக் கைபட்டுப் பாறை வழுவழுவென்று கறுத்திருந்தது. தடவினால் ஈரம். மேலே வெள்ளைச் சொரூபம். அதைப் பார்த்துவிட்டு, தான் கண்டது இப்படி இல்லை என்றாராம், இங்கே மாதாவைக் காட்சியில் கண்ட பெர்னதெத். எனக்கு அதில் ஒரு நிம்மதி. எனக்குத் தெரிந்த மாதாவுக்கு எங்கள் வில்லியனூர் முகம்தானே.

கடைசி இரண்டு வாரம் தண்ணீர் வார்க்கும் இடத்தில். 1858 பிப்ரவரி 25 அன்று பெர்னதெத்திடம் மாதா சொன்னது, "ஊற்றில் போய்க் குடி, கழுவிக்கொள்." அந்தச் சிறுமி சேற்றைத் தோண்டி முகத்தில் பூசிக்கொள்ள, பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். அதே ஊற்றுத் தண்ணீரைத்தான் குவளையில் எடுத்து, வருகிறவர் கையில் ஊற்ற வேண்டும். கை கழுவ, முகம் கழுவ, பிறகு குடிக்க. அப்படிச் சில்லென்று இருக்கும், பத்து நிமிடத்தில் என் விரல்கள் மரத்துவிடும்.

ஒருநாள் ஒரு பாட்டி வந்தார். இத்தாலியப் பேச்சு, எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கை நடுக்கம். ஊற்ற ஊற்ற விரலிடுக்கில் வழிந்து அவர் பாவாடை நனைந்தது. மூன்றாம் முறையும் வழிந்தபோது என்னைப் பார்த்தார். குவளையைப் பக்கத்துத் தோழியிடம் கொடுத்துவிட்டு என் இரண்டு கையையும் குவித்து நீட்டினேன். அவர் குனிந்து என் கையிலிருந்தே குடித்தார். உதடு சூடாக இருந்தது. குடித்து முடித்து ஈரக் கையால் என் கன்னத்தைத் தடவி என்னமோ சொன்னார். "மரியா" மட்டும்தான் காதில் விழுந்தது.

தாயே, என் குழந்தைக்கும் வீட்டுக்கடனுக்கும் கேட்க எழுதிவைத்த மன்றாட்டுச் சீட்டு ஊருக்குத் திரும்பியபிறகும் பையிலேயே இருந்தது. எதையும் கேட்கத் தோன்றவில்லை. டெங்கு வார்டில் அம்மா கரண்டியால் என் வாயில் நீர் ஊற்றியதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நன்றி தாயே, நன்றி. வேறு என்ன எழுத!

ஐந்து லிட்டர் கேன் ஒன்றைச் சேலைகளில் சுற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். மறுநாளே அம்மா அதில் பாதியை வில்லியனூர்க் குளத்தில் ஊற்றிவிட்டார். மீதி சமையலறை மேல்தட்டில். கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு மூடி, அளந்து. எனக்கும் அதே ஒரு மூடிதான்.