தருமபுரியில் இருந்து குழல்மீன் இனம் பிரித்தேன்

கடலே இல்லாத தருமபுரியில் உட்கார்ந்து கடல்மீனை ஆராய முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். முதுகலை விலங்கியல் ஆய்வேட்டுக்கு எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருந்த பாக் நீரிணைக் குழல்மீன்களைத்தான் எடுத்துக்கொண்டேன். கடல்குதிரையின் குடும்பமான இவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அனுமதியில்லாமல் பிடிக்கக் கூடாது. எனவே பழைய புட்டிகளே கதி. ஃபார்மலினில் கிடந்தவற்றில் டிஎன்ஏ சிதைந்திருக்கும். எத்தனாலில் இருந்தவைதான் மரபணுவுக்கு உதவின.

அதிகக் காலம் பிடித்தது உருவத்தை வைத்து இனம் பிரிப்பதுதான். குழல்மீனுக்குச் செதில் கிடையாது, உடம்பெல்லாம் எலும்பு வளையங்கள். மார்புத் துடுப்பின் அடி இருக்கும் வளையத்தில் தொடங்கி மலத்துளை வளையம் வரை உடல் வளையம். அதற்கு அடுத்ததிலிருந்து வால் வளையம். வால் துடுப்பைத் தாங்கும் கடைசித் துண்டு கணக்கில் வராது. நுண்ணோக்கியின் கீழ் ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். ஈர உடம்பு பளபளத்து ஓரத்தை மறைக்கும். தாளால் ஒற்றி எடுத்தால் கோடு எழும்பி வரும்.

நெருங்கிய இனங்களில் இந்த எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது வரம்புகளை, அதாவது உடம்பின் நீளவாக்கில் ஓடும் எலும்பு முகடுகளைப் பார்க்க வேண்டும். ஹிப்பிக்திஸ் பேரினத்தில் உடலின் பக்க வரம்பு வாலின் கீழ்வரம்போடு போய்ச் சேரும். அதைக் கண் பிடித்துக்கொண்ட பிறகே எனக்குத் தைரியம் வந்தது. சிங்னதாய்ட்ஸ் பையக்குலியேட்டஸ் என்ற இனம் சுலபம்: வால் துடுப்பே இல்லை, ஆண் முட்டைகளை வயிற்றடியில் திறந்தபடி ஒட்டிச் சுமக்கும்.

இடப்பக்கத்தைப் படத்துக்கு விட்டுவிட்டு, வலப்பக்கத்தில் அரிசியளவு தசை எடுத்தேன். இனங்களை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ என்ற மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளை வரிசைப்படுத்த, ஓசூரைத் தாண்டிப் பெங்களூருக்கு அனுப்பினோம். வந்த வரிசையைப் பொதுத் தரவகத்தில் ஒப்பிட்டபோது, ஒரு மீனுக்கு இரண்டு பெயர்கள் சம பொருத்தத்தோடு நின்றன. அந்தப் பெயர்களையும் யாரோ மீனைக் கண்ணால் பார்த்துத்தான் பதிந்திருக்கிறார்கள்! மீனின் மாதிரி ஓர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கும் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி வளையங்களை எண்ணி முடிவெடுத்தேன். தவிர, சிஓஐ தாய்வழியாக மட்டுமே வரும். முட்டை சுமக்கும் தந்தையின் பங்கு அதில் தெரியாது, கலப்பினமும் பிடிபடாது.

தொடங்குபவர்களுக்கு ஒன்று: உருவத்தைப் பார்த்துப் பெயரை எழுதிவிட்டுப் பிறகு மரபணு முடிவைத் திறந்து பாருங்கள். முதலிலேயே பெயர் தெரிந்தால், கண் அந்த எண்ணையே தேடும். வால் உடைந்து ஃபார்மலினில் கிடந்த ஒன்றுக்கு ஹிப்பிக்திஸ் என்று பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆய்வேட்டிலும் அப்படியேதான் இருக்கிறது.