எண்ணெய் உறைந்ததை நான் கேட்காமல் விட்டேன்

12 கெல்வினுக்கு அருகில் என் படிகத்தின் மின்தடை சரிந்ததைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஏழு வார உழைப்பு அது. கால்சியம், இரும்பு, ஆர்செனிக் சேர்ந்த அந்தப் படிகம் சாதாரண நிலையில் 170 கெல்வினுக்குக் கீழே காந்த ஒழுங்கு பெறும், மீக்கடத்தியாகாது, அதாவது மின்தடை முழுதாக மறையாது. சற்றே அழுத்தினால் ஆகிறது என்று 2008இல் கட்டுரைகள் வந்திருந்தன. எனக்கும் கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

மறுநாள் என் வழிகாட்டி கேட்டது ஒன்றுதான்: "கலத்துக்குள் இருந்த எண்ணெய் எந்த வெப்பநிலையில் உறைந்தது? அதைப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. படிகத்தை அழுத்தும் கலத்துக்குள், அழுத்தத்தை எல்லாப் பக்கமும் கடத்தத்தான் எண்ணெய். குளிரக் குளிர அது கல்லாகிவிடும். இந்தப் படிகமோ சுமார் 0.35 கிகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தினால், குளிரும்போது ஒரே அச்சில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சடாரென்று சுருங்கும், காந்தமும் போய்விடும். கல்லான எண்ணெய்க்குள் அப்படிச் சுருங்கும் படிகத்தை அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தாக்காது. உள்ளே பல நிலைகள் கலந்து கிடக்கும், நான் பார்த்த சரிவு அதிலிருந்தும் வரலாம். 2009இல், உறைந்தாலும் மென்மையாகவே இருக்கும் ஹீலியத்தில் அழுத்திப் பார்த்தவர்களுக்கு மீக்கடத்துத்திறன் தென்படவே இல்லை. அந்தக் கட்டுரையை நான் அன்றுதான் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

ஹீலியம் வசதி வேறொரு ஊரில் இருந்தது. இரவு ரயிலில் கலத்தை மடியில் வைத்துக்கொண்டே போனேன். அங்கே அலுவலகத்தில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, "துறைத் தலைவர் கையெழுத்து இல்லை. நகல் செல்லாது, அசல் வேண்டும்" என்றார். வாயு உருளையைத் தொடவும் விடவில்லை. அன்றிரவே திரும்பினேன். போகுமுன் தொலைபேசியில் எல்லாத் தாள்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. அறை வெப்பநிலையில் கட்டிய அழுத்தத்தை நம்பாதீர்கள். எண்ணெய்க் கலத்தில் நான் 0.7 கிகாபாஸ்கல் கட்டினேன், குளிர்ந்தபின் உள்ளே வைத்திருந்த ஈயத் துண்டு 0.4 என்றது. ஈயத்தின் மீக்கடத்து வெப்பநிலை 7.2 கெல்வினிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துத்தான் அதைக் கணக்கிட முடியும். துண்டு வைக்காமல் கலத்தை மூடாதீர்கள். மின்தடையை அளக்கும் நான்கு தங்கக் கம்பிகளையும் வெள்ளிப் பசையில் ஒட்டியபின் ஒரு நாள் உலரவிடுங்கள். எனக்கு முதல் முறை இரண்டு அறுந்தன.

இரண்டாம் பயணத்தில் அளவீடு சிக்கலின்றி முடிந்தது. படிகம் சுருங்கும் இடத்தில் மின்தடை கத்தியால் வெட்டியதுபோல் இறங்கியது. அதன்பின் 2 கெல்வின் வரை எந்தச் சரிவும் இல்லை. இரண்டு வரைபடங்களையும் குறிப்பேட்டில் அருகருகே ஒட்டி, முதலாவதன் கீழே சிவப்பு மையில் எழுதினேன்: "உறைந்த எண்ணெய்".